ஒரு கையெழுத்துக்காகக் குஜிலியம்பாறை போனோம்

அந்த வீட்டு முற்றத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் என்னை உட்காரச் சொன்னார்கள். இன்னொன்றில் முத்துலட்சுமியின் அப்பா கருப்பையா உட்கார்ந்திருந்தார். என் மடியில் ஒரு ஃபைல். ஃபைலுக்குள் ஒரே ஒரு தாள். அதில் 'பெற்றோர் கையொப்பம்' என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே கோடு காலியாக இருந்தது.

வெள்ளாட்டுக் குட்டி ஒன்று எங்களுக்கு நடுவில் வந்து நின்று ஃபைலின் ஓரத்தை மோந்து பார்த்தது. அவர் அதை விரட்டவில்லை. அது அந்தத் தாளைத் தின்றுவிட்டால் நல்லது என்று நினைத்தாரோ என்னவோ.

முத்துலட்சுமி வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தாள். பேசு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். கல்லூரியில் வாய் ஓயாத என்னை அவள் கூட்டிக்கொண்டு வந்ததே அதற்காகத்தான். அன்றைக்குப் பார்த்து எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் கல்லூரிக் கேன்டீனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திங்கிறதைத் தவிர அந்த மூன்று வருடத்தில் வேறெதுவுமே நடக்கவில்லையா என்று என் அம்மா கேட்டார். நடந்தது அம்மா. இதோ எழுதுகிறேன்.

அடுக்கத் தெரியாத விறகு

முத்துலட்சுமி எனக்குப் பழக்கமானது ஒரு பொங்கல் விழாவில்.

திண்டுக்கல்லில் எங்கள் கல்லூரியில் பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு துறைக்கும் மைதானத்தில் ஓர் அடுப்பு, ஒரு பானை கொடுப்பார்கள். இரண்டாம் ஆண்டில் விலங்கியல் துறையின் அடுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பைத் தவிர வேறு அடுப்பை நான் பற்றவைத்ததில்லை. அது யாருக்கும் தெரியாது என்ற தைரியம்தான்.

பக்கத்தில் தாவரவியல் பானை பொங்கிக் குலவைச் சத்தம் கேட்டுவிட்டது. எங்கள் அடுப்பில் புகை மட்டும். புடவை கட்டிக்கொண்டு வந்த இருபது பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றோம். விறகு ஈரம், விறகு ஈரம் என்று நான் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒன்றரை வருடமாக அவள் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. தினமும் குஜிலியம்பாறைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருவாள், கடைசி மணி அடித்ததும் ஓடிவிடுவாள். அவ்வளவுதான் தெரியும். அவள் விறகு முழுவதையும் வெளியே இழுத்துப் போட்டாள். இரண்டு தேங்காய் மட்டையைக் கிழித்து உள்ளே வைத்தாள். அதன்மேல் விறகை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு அடுக்கினாள். குனிந்து மூன்று ஊது ஊதினாள். தீ பிடித்துக்கொண்டது.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, "வெறகுல ஈரமே இல்ல. அடுக்குனதுதான் தப்பு" என்றாள்.

அடுக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றாள். எங்கள் பானை கடைசிக்கு முந்தியதாகப் பொங்கியது. பரிசு கிடைக்கவில்லை. அன்று மதியம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவளைக் கடைசி பெஞ்சில் யாரும் பார்க்கவில்லை.

பாட்டிலுக்குள் நட்சத்திர மீன்

எங்கள் ஆய்வகத்து அலமாரியில் ஒரு நட்சத்திர மீன் உண்டு. எத்தனை வருடமாக ஃபார்மலினில் கிடக்கிறதோ, பழைய செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஐந்து கைகளில் ஒன்றின் நுனி இல்லை. முத்துலட்சுமி தன் ரெக்கார்டு நோட்டில் அதை வரைந்திருந்தாள். அந்த இல்லாத நுனியை எப்படி வரைவது என்று மரகதம் மேடத்திடம் போய்க் கேட்டாளாம். எங்கள் துறைத் தலைவர் அவர்தான். மூன்றாம் வருடம் கடலுக்குப் போவோம், அங்கே முழுசாகப் பார்த்து வரைந்துகொள் என்று சொல்லியிருக்கிறார். அவள் அந்த ஒரு கையை முடிக்காமலே விட்டு வைத்திருந்தாள்.

மூன்றாம் வருடம் வந்தது. இரண்டு நாள் படிப்புச் சுற்றுலா. முதல் நாள் மண்டபம் கடற்கரை, இரண்டாம் நாள் ராமேஸ்வரம். என்னைத்தான் மாணவர் ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். ஆள் கணக்கு எடுப்பது, வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்டு பிடித்துக் கொடுப்பது, எல்லாருடைய வீட்டிலிருந்தும் சம்மதக் கடிதம் வாங்கிச் சேர்ப்பது. கடிதம் இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கடைசியில் ஒரே ஒரு கடிதம் மட்டும் வரவில்லை. முத்துலட்சுமியின் அப்பா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கடல் என்றாலே எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறாராம்.

என் கையெழுத்து, அப்பா பெயர்

உனக்கு நல்லா எழுத வருமே, எங்கப்பா மாதிரி நீயே போட்டுவிடேன் என்று முத்துலட்சுமி என்னிடம் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாதி விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குப் புரையேறிவிட்டது.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பள்ளிக்கூடச் சுற்றுலா விஷயத்தில் நான் அதிர்ஷ்டம் இல்லாதவள். ஆறாம் வகுப்பில் ஆத்தூர் அணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குள்ளேயே எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுவிட்டு, கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எட்டாம் வகுப்பில் கொடைக்கானல். வத்தலக்குண்டு தாண்டியதும் எனக்கு ஆரம்பித்த வாந்தி, மேலே போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. ஏரியைச் சுற்றிக் காட்டினார்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் பார்த்தது ஒரு பெஞ்சும் அதைச் சுற்றிலும் பனியும்தான்.

அதனால் ஒன்பதாம் வகுப்பில் கன்னியாகுமரி என்று சொன்னதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன். கடைசி நாள் காலையில்தான் நினைவு வந்தது. என் அப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஒரு நடை போய் வாங்கியிருக்கலாம். மணி அடித்துவிடும் என்ற அவசரத்தில், பள்ளிக்கூடத்துக் குழாயடியில் வைத்து நானே 'ஆரோக்கியசாமி' என்று ஆங்கிலத்தில் சுழித்துச் சுழித்துப் போட்டேன். பெரிய அதிகாரி கையெழுத்து மாதிரி இருந்தது. அப்பாவோ எல்லா இடத்திலும் தமிழில்தான் கையெழுத்துப் போடுவார்.

வகுப்பாசிரியையான சிஸ்டர் அதை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். அலுவலகத்துக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டார். என்னை அருகில் நிற்க வைத்துக்கொண்டுதான் பேசினார். மறுமுனையில் அப்பா கொஞ்சம் நிதானித்தது எனக்கே தெரிந்தது. பிறகு, நான்தான் போட்டேன் சிஸ்டர், அனுப்பி வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அவர் யாருக்கோ ரேஷன் கார்டு நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெஷின் மூடியைச் சாத்திவிட்டு, "கேட்டிருந்தா போட்டிருப்பேன்ல" என்றார்.

அவ்வளவுதான். வீட்டில் அம்மாவிடம்கூட அவர் சொல்லவில்லை. கன்னியாகுமரிக்குப் போனேன். சூரியோதயம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் அந்த மெஷின் மூடி சாத்துகிற சத்தம்தான் எனக்கு முதலில் கேட்கிறது.

இதை முத்துலட்சுமியிடம் சொன்னேன். கையெழுத்தெல்லாம் போட மாட்டேன், வேண்டுமானால் உன் வீட்டுக்கு வந்து கேட்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எரியோடு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முற்றத்தில்

அவர்கள் ஊர் குஜிலியம்பாறையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. மழையை நம்பி விதைக்கிற நிலம். கடலைக்கொடி பிடுங்கி முடிந்து, செவல் மண் கண்ணுக்கெட்டும்வரை காய்ந்து கிடந்தது. வழியில் ஒரு குளத்தைக் காட்டினாள். அதில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

முற்றத்தில் கொஞ்ச நேரம் நான் வாயைத் திறக்காமல் இருந்ததைச் சொன்னேன் அல்லவா? கடைசியில் அவர்தான் ஆரம்பித்தார்.

"தண்ணி எம்புட்டு ஆழம் இருக்கும் பாப்பா?"

முழங்கால் அளவுதான் என்றேன். அந்தக் கடலை நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை, மேடம் சொன்னார்கள் என்றேன். எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. முத்துலட்சுமிக்கு? அவளுக்கும் தெரியாது. அது அவருக்கே தெரியும். மேடத்துக்கு? யோசித்தேன். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்துவிடும். எனக்குத் தெரியவில்லை, நான் கேட்டதில்லை என்று சொன்னேன்.

வாசலில் முத்துலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் தாளை வாங்கி, அச்சடித்திருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தார். எந்த ஊர், எந்தக் கரை, எத்தனை மணிக்கு என்றெல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுப் போகணும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். மொச்சைக் குழம்பும், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டார் முத்துலட்சுமியின் அம்மா. அவுக மனசுல என்ன இருக்குன்னு எனக்கே இன்னும் பிடிபடல தாயி என்றார் என்னிடம்.

தோற்றுப்போய்த்தான் பஸ் ஏறினேன்.

புதன்கிழமை காலை முத்துலட்சுமி வகுப்புக்குள் ஓடி வந்தாள். பஸ் வந்து நின்ற பிறகு, ஏறப் போகிற நேரத்தில் அவள் கையில் அதைத் திணித்தாராம். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இடம் பிடித்துக்கொண்டு, குண்டு குண்டாக 'மு. கருப்பையா' என்று இருந்தது. வழியெல்லாம் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்றாள்.

மண்டபம்

நாங்கள் விடியும் முன்னே கிளம்ப வேண்டும் என்பதால் முந்தைய நாள் மாலையே முத்துலட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அப்பாதான் ஊர் பஸ் நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டாராம்.

மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டி மண்டபத்தில் இறங்கியபோது முற்பகல் ஆகியிருந்தது. கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. நான் கன்னியாகுமரியில் பார்த்த கடல் இல்லை இது. அலையே இல்லாமல், கண்மாய் மாதிரி அசையாமல் கிடந்தது. பாசி வாடையும் மீன் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறியது. எடுத்துப் பார்க்கலாம், எடுத்துக்கொண்டு போகக் கூடாது, எந்த உயிரையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணும்போதுதான் பார்த்தேன். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மு. கருப்பையா.

முத்துலட்சுமியும் பார்த்துவிட்டாள். அவள் முகம் சுண்டிப் போனது. யாருப்பா அது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவள் சுடிதாரை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் தண்ணீருக்குள் இறங்கி விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

மேடம் அவரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் எழுந்து கும்பிட்டார். கரூரில் ஆடு பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மகளை ஏற்றிவிட்ட கொஞ்ச நேரத்தில் தானும் பஸ் ஏறி, மதுரை போய், அங்கிருந்து ராமேஸ்வரம் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கல்லூரிப் பிள்ளைகள் எந்தக் கரைக்கு வருவார்கள் என்று டீக்கடையில் விசாரித்திருக்கிறார். ஒன்பது மணியிலிருந்து அங்கேயே இருக்கிறாராம்.

"நான் ஒண்ணும் தொந்தரவு பண்ண மாட்டேன் டீச்சர். இங்கன ஓரமா இருந்துக்கிறேன்" என்றார்.

எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா என்று மேடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார்.

அவர் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவர்கள் பள்ளியில் இருந்து மாயனூர் காவிரிக்குக் கூட்டிப் போனார்களாம். இரண்டாம் வகுப்பில் படித்த தம்பியும் கூட வந்தான். கையை விடக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதுவரை அவ்வளவு தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில், கை எப்போது விட்டது என்று தெரியவில்லை. திரும்பினால் தம்பியைக் காணோம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் எட்டித் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாராம்.

"தம்பிக்கு ஒண்ணும் ஆகல. திருப்பூர்ல நல்லா இருக்கான். அவன் அன்னைக்கே கரையேறிட்டான் டீச்சர். நான்தான் இன்னும் ஏறல."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பாப்பா அன்னைக்குப் பொய் சொல்லல. அதான் கையெழுத்துப் போட்டேன். போட்டதுக்கப்புறம் வீட்ல இருப்புக்கொள்ளல."

காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மேடம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, போய் முத்துலட்சுமியைக் கூட்டிட்டு வா என்றார்.

முழங்கால் ஆழம்

தண்ணீரில் நடந்து போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டாள். திருப்பூர்ச் சித்தப்பா தீபாவளிக்கு வரும்போதெல்லாம் தன் முடியைத் தடவிக்கொண்டு, இது இல்லைன்னா நான் இல்லை என்று சிரிப்பாராம். ஏதோ வேடிக்கை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருக்கிறாள். அந்தப் பேச்சு வந்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டாள். உப்புத் தண்ணீரில் யாராவது முகம் கழுவுவார்களா? அவள் கழுவினாள். பிறகு கரைக்குப் போய், ஒன்றும் நடக்காததுபோல் கையை நீட்டினாள்.

"வாப்பா."

வேண்டாம் ஆத்தா என்று அவர் பையை இறுக்கிப் பிடித்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் அவர் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்து, வேட்டியை மடித்துக் கட்டினார்.

கணுக்காலில் தண்ணீர் பட்டதும் ஒரு தடவை நின்றார். கெண்டைக்கால் வந்ததும் இன்னொரு தடவை. பிறகு நடந்தார். நாங்கள் முப்பது பேரும் குறிப்பு நோட்டு, பென்சில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் குனிந்து கடல் அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள். இது மண்ணைத் தின்று மண்ணையே வெளியே விடும், அந்த மண் சுத்தமாகிவிடும் என்று விளக்கினாள். நம்ம மண்புழு மாதிரியா என்று கேட்டார். ஆமாம்ப்பா, அதே வேலைதான் என்றாள். கடல் முள்ளெலியைக் காட்டினாள். நண்டு குடிபோன சங்கைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். மேடம் வகுப்பில் கேட்பதைவிடக் கஷ்டமான கேள்விகள். இது எதைத் தின்னும், எதற்குப் பயப்படும், குட்டி போடுமா முட்டை இடுமா? அவள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. மூன்று வருடமாக அவள் படித்ததை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார்.

பாறை இடுக்கில் நட்சத்திர மீனைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஆட்டு மந்தையில் குட்டி தேடிப் பழகிய கண். அவள் அதை உள்ளங்கையில் தண்ணீரோடு ஏந்தினாள். ஐந்து கைகளும் முழுசாக இருந்தன. நுனி மெல்ல நெளிந்தது. அவள் குனிந்து அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உசிரோட இருக்கு ஆத்தா, இருந்த எடத்துலயே வச்சிரு என்று அவர்தான் சொன்னார்.

மதியம் எங்களோடு புளியோதரை சாப்பிட்டார். இன்றைக்குத் தங்கி, நாளை எங்கள் பஸ்ஸிலேயே ஊருக்கு வந்துவிடலாம் என்று மேடம் கூப்பிட்டார். ஆடு பட்டினி கிடக்கும் டீச்சர் என்று சொல்லிவிட்டார். ராமநாதபுரம் பஸ் வரும்வரை சாலையோரம் முத்துலட்சுமியும் நானும் அவரோடு நின்றோம்.

நாளைக்கு எங்கே என்று கேட்டார். ராமேஸ்வரம் என்றாள்.

"கடல்ல குளிப்பீகளா?"

"குளிப்போம்ப்பா."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். என்னிடமிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"தலையை நல்லாத் துவட்டிக்க. உப்புத் தண்ணி, சிக்குப் புடிச்சுக்கும்."

பஸ் நின்றது. ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தார். அவர் எட்டிப் பார்ப்பார், கையை ஆட்டலாம் என்று முத்துலட்சுமி கையைத் தூக்கி வைத்திருந்தாள். அவர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பி, வளைவில் மறையும்வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"திரும்பியே பாக்கல பாரு" என்றாள் முத்துலட்சுமி. இவ்வளவு சந்தோஷமாக யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.